யாரு கை, எந்த ஸ்பேனரு, எத்தினி தபா

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டி விம்கோ நகர் பக்கம் திரும்பும் சாலையில், ஒரு தகரக் கொட்டகையில், உடைந்த போல்ட் எடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. அவர் கேட்டது மூன்றே கேள்விகள். முதல் நாள் அந்த மூன்றுக்கும் நான் சொன்ன பதில் பொய்.

எங்கள் பக்கம் இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். எண்ணூர்க் கடல் காற்றில் வரும் உப்பு எதையும் விடாது. அதிலும் இஞ்சினின் வாயில் சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் இருக்கின்றனவே, அவற்றுக்குச் சூடும் சேர்ந்து கொள்ளும். பத்து வருடம் ஓடிய வண்டியில் அந்த போல்ட்டும் இஞ்சினும் ஒன்றாகி விட்டிருக்கும். ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினால் தலை கையோடு வரும், உடம்பு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் எந்த மெக்கானிக்கும் தொட மாட்டார். "அக்காகிட்ட போ" என்பார்கள். சொல்லும்போது ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் புரியும்.

உட்காருவதற்கு அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. ஒரு கால் விரிசல் விட்டு, கம்பி சுற்றியிருக்கும். வண்டியை ஸ்டாண்டு போட்டதும் அக்கா அந்த ஸ்டூலைக் காட்டுவார். எதிரே கவிழ்த்த கிரீஸ் டப்பாவின் மேல் அவர் உட்காருவார். நைட்டிக்கு மேலே ஒரு காக்கிச் சட்டை, காதில் பெரிய கல் தோடு, வெல்டிங் கண்ணாடியைத் தலை மேல் ஏற்றி விட்டிருப்பார். வண்டியை அவர் பார்க்கவே மாட்டார். வந்தவனின் கைகளைத்தான் பார்ப்பார்.

"யாரு கை? எந்த ஸ்பேனரு? எத்தினி தபா?"

அவ்வளவுதான். இதற்கு உண்மையான பதில் வரும்வரை அவர் கை ஒரு கருவியையும் தொடாது. அவசரம், ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எதைச் சொன்னாலும் நடக்காது.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "தானா ஒடஞ்சிடுச்சுக்கா."

"தானா ஒடயறதுக்கு அது இன்னா அப்பளமா?" என்பார் அக்கா. சொல்லிவிட்டு டீயை எடுத்து உறிஞ்ச ஆரம்பிப்பார். அந்த டீ முடியவே முடியாது.

ஒருமுறை நானே கேட்டேன். "அக்கா, பாத்தாலே உங்களுக்குத் தெரியுமே, எதுக்கு வாயால வேற கேக்கறீங்க?"

"தெரியும். சுத்தியால அடிச்சிருந்தா மூஞ்சி நசுங்கிப் பூடும். சூடு காமிச்சு தண்ணி ஊத்திருந்தா கல்லாட்டம் ஆயிடும். எவனாச்சும் டிரில்லு போட்டு வுட்டிருந்தா ஓட்ட கோணிக்கினு கீது. எல்லாம் பாத்தா தெரியும். தெரியாத ஒண்ணு உள்ள இருக்குதுல்ல? அத நீதான சொல்லணும். நீ மறச்சா என் டிரில்லு பிட்டு ஒடயும்."

கொட்டகையின் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருக்கும். எடுத்த போல்ட்டுகளை அதில் கருவாடு கோத்த மாதிரி தொங்க விட்டிருப்பார். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். "இது வக்கீலு. மூணு நாளு வாய்தா வாங்கினாரு. இது புது மாப்ள. பொண்டாட்டி ஒடச்சிதுன்னான். அதுக்கு ஸ்பேனருன்னா இன்னான்னே தெரியாது, பாவம். இது ஹெட் கான்ஸ்டபிளு."

ஹெட் கான்ஸ்டபிள் கதையை அந்தச் சாலையில் எல்லோரும் சொல்வார்கள். அவர் யூனிஃபார்மில் வந்து ஸ்டூலில் உட்கார மறுத்திருக்கிறார். உட்கார்ந்தால் மரியாதை போய்விடுமாம். அக்காவும் டீயோடு சும்மா இருந்திருக்கிறார். ஒரு மணி நேரம் நின்றவருக்குக் கால் வலித்து, உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "என் கைதாம்மா. கட்டிங் பிளேயரு. ஒரு ஆறேழு தபா இருக்கும்" என்று சொல்லிவிட்டாராம். ஊரையெல்லாம் உட்கார வைத்து வாக்குமூலம் வாங்குகிறவர். போகும்போது, "உன்ன மாதிரி ஒருத்தி ஸ்டேசன்ல இருந்தா எங்களுக்கு வேலையே கெடயாது" என்றாராம்.

கேட்பதற்கு முன்பே உண்மை சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய். வண்டியை நிறுத்தும்போதே, "என் கைம்மா. பத்தாம் நம்பரு. மூணு தபா. மூணாவது தபா கோவம் வந்துடுச்சு" என்று முடித்துவிட்டார். அக்காவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "இம்மா சீக்கிரமா சொல்ற ஆள எப்டி பாய் நம்பறது?" என்று முதலிலிருந்து கேட்டார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருடம். கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் வேலை. மாமனார் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "என் சர்வீஸ்ல என் கை பட்டு ஒரு போல்ட்டு ஒடஞ்சதில்ல" என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். இந்த ஒன்றரை வருடத்தில் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், "அவர இன்னும் ஒரு தோச வாங்கிக்கச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வார். பெண் கொடுக்கவும் ஒரு வருடம் இழுத்தடித்தார். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாமியார் நல்ல மாதிரி. ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கிட்டே வந்து மூக்கை இரண்டு தடவை இழுப்பார். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கிற ஊர், தூசு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் முதல் தீபாவளிக்கு அவருக்கு ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு மாதிரி பார்த்து வாங்கி வைத்தார்.

இப்படி இருக்கும்போது மாமனார் ஒரு வாரம் கும்மிடிப்பூண்டியில் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது வாசலில் நின்று மகளிடம், "அவர நம்ம வண்டிய எடுத்துக்கச் சொல்லு. ஷேர் ஆட்டோல தொங்கிகினு போறாரு. ஸ்பேனர மட்டும் தொட வேணாம்னு சொல்லு" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வண்டி அவருக்கு அப்படி. ஆயுத பூஜைக்கு கேட்டைச் சாத்திவிட்டுத் தனியாகவே கழுவிப் பொட்டு வைப்பார். அருகே யாரையும் விட மாட்டார். அதை என்னிடம் கொடுக்கிறார் என்றால், நான் மருமகனாகிவிட்டேன் என்று அர்த்தம்.

இரண்டாம் நாளே எனக்குக் கை அரித்தது. சைலன்சர் பக்கம் 'பட் பட்' என்று ஒரு சத்தம். புகை கசிகிறது, போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடும் என்று கைபேசியில் ஒரு வீடியோ சொன்னது. அவர் வரும்போது சத்தமே இல்லாமல் வண்டியைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். என்னை மாதிரி ஆட்களைக் கெடுப்பதே இந்தக் கற்பனைதான். முறுக்கினேன். ஒன்று 'கிளிக்' என்று தலையைக் கையில் கொடுத்தது. பதறிப்போய் இன்னொன்றைத் தொட்டேன். தொட்டதுதான், அதுவும் கழன்று தரையில் விழுந்து உருண்டது. இரண்டு தலைகளையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்படித்தான் நீல ஸ்டூலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"யாரு கை?"

"தெரியலக்கா. மெக்கானிக்கு யாரோ."

"எந்த ஸ்பேனரு?"

"பத்தாம் நம்பரா இருக்கும்."

"எத்தினி தபா?"

"தானா..."

அக்கா டீயை எடுத்தார். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே எட்டு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வந்தால் ஹாரன் அடிக்கும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். குடங்களை எண்ணினேன். திருப்பி எண்ணினேன். அவர் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை எண்ணும்போது என்னால் முடியவில்லை.

"என் கைக்கா."

"ம்."

"பத்தாம் நம்பரு வூட்ல இல்ல. பதினொண்ணுல என் வைஃபோட துப்பட்டாவக் கிழிச்சு வச்சு சுத்தினேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "எத்தினி தபா?"

"கையால ரெண்டு தபா. காலால ஒரு தபா."

"கால் கணக்கு தனியா?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்தார். அதற்கப்புறம் அவர் வேறு ஆள். உடைந்த போல்ட்டின் முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். ஆற விட்டார். எண்ணெய் விட்டார். பிறகு ஸ்பேனரைப் போட்டு முன்னால் ஒரு மயிரிழை, பின்னால் ஒரு மயிரிழை. "வா... போ... வா... ஒண்ணியும் அவசரமில்ல, வா" என்று போல்ட்டோடு பேசிக்கொண்டே திருப்பினார். கால் மணி நேரத்தில் அது கழன்று அவர் உள்ளங்கையில் வந்து படுத்தது.

இரண்டாவதுக்குக் குனிந்தவர் அப்படியே நின்றார். தரையில் விழுந்ததைக் கேட்டு வாங்கி நகத்தால் சுரண்டினார். கறுப்பாகப் பொடி உதிர்ந்தது.

"இது உன் கை இல்ல ராசா."

"இல்லக்கா, நான்தான்..."

"இது எப்பவோ ஒடஞ்சது. எவனோ வெறுந் தலைய பசை வச்சு ஒட்டிக்கீறான். சைலன்சர் ஓட்டைக்குப் பூசுவாங்களே, அந்தப் பசை. போல்ட்டு உள்ள புதைஞ்சு கீது. உனக்குக் கேட்ட சத்தமே இதாலதான். வண்டி யாருது?"

"மாமனாருது. வேற யாரும் தொட்டதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கேட்டைச் சாத்திக்கொண்டு வண்டி கழுவும் மாமனார் கண் முன்னால் வந்தார்.

"அப்ப அந்தக் கைய இட்டுகினு வா," என்றார் அக்கா.

நான் கெஞ்சினேன். ஒன்றரை வருடக் கதையைச் சொன்னேன். அவரிடம் போய் நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று சொன்னால் என் குடும்பமே நாறிவிடும் என்றேன். எப்படியாவது இதையும் எடுத்துப் போட்டுவிட்டால் அவருக்கும் எனக்கும் மானம் மிஞ்சும் என்றேன். அக்கா அந்தப் பசைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வூட்டுக்காரு காசிமேட்டுல மீன்புடி போட்டுக்கு இஞ்சின் பாத்துகினு இருந்தாரு. ஒரு தபா இப்டிதான் ஒண்ண ஒடச்சிட்டு ஒட்டி வச்சிட்டாரு. நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சு. நாலு பேரு, ரெண்டு நாளு. உசிரோட வந்துட்டாங்க, அத்த வுடு. கடசி வரிக்கும் தானா ஒடஞ்சிதுன்னே சொன்னாரு. போய்ச் சேந்துட்டாரு." பசைத் தலையை என் கையில் கொடுத்தார். "நான் தொட மாட்டேன். ஆள இட்டுகினு வா."

ஞாயிற்றுக்கிழமை மாலை விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நின்றேன். ஒற்றைப் போல்ட்டில் அது ஊருக்கே கேட்கும்படி குரைத்துக்கொண்டு வந்திருந்தது. மாமனார் மின்சார ரயிலிலிருந்து இறங்கி வந்தார். பார்வை நேராக இஞ்சினின் அந்த இடத்துக்குத்தான் போனது. மகள் பக்கத்தில் இல்லை. யார் வழியாகப் பேசுவது என்று கொஞ்சம் திணறி, கடைசியில் வண்டியைப் பார்த்தே பேசினார்.

"வண்டிய அவரு எங்க கொண்டுபோனாராம்?"

"மாமா, நான் ஸ்பேனர தொட்டேன். ஒரு போல்ட்ட ஒடச்சிட்டேன். என் மேல தப்பு."

"இன்னொண்ணு?" என்று ஹேண்டில்பாரைக் கேட்டார்.

"அது உங்க கைன்னு அந்த அக்கா சொல்றாங்க. வரச் சொன்னாங்க."

அவர் திரும்பி, போய்க்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தார். இன்னும் ஒரு பெட்டி மிச்சமிருந்தால் ஓடிப்போய் ஏறியிருப்பார்.

மறுநாள் காலை நான் லீவு போட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமனார் பின்னால் உட்கார்ந்து வந்தார். அக்கா ஸ்டூலைக் காட்டினார்.

"நான் நின்னுகினே சொல்றேம்மா."

"நின்னுகினு சொன்னா பொய்யிதான் நைனா வரும். குந்து."

குந்தினார். முதல் கேள்வி வந்தது. "வண்டி கம்பெனிலருந்து வரும்போதே அப்டிதான் வந்துச்சு," என்றார். அக்கா டீயை எடுத்தார். மாமனாரும் சளைத்தவரில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பார்த்தபோது கம்பி கண்ணில் பட்டது.

"அதெல்லாம் இன்னா?"

"ஒண்ணொண்ணும் ஒரு ஆளு. அந்தக் கடசீல கீறது ஹெட் கான்ஸ்டபிளு."

"அவரே வாயால சொன்னாரா?"

"தொப்பியக் கயட்டி வச்சிகினு சொன்னாரு."

மாமனார் கொஞ்ச நேரம் அந்தப் போல்ட்டையே பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "என் கைதான். ஸ்பேனரு வழுக்கிச்சு. உளியும் சுத்தியும் எடுத்தேன். எத்தினி தபான்னு எண்ணல. கம்பெனி ஆளுங்க நாலு பேரு எங்க தெருவுலயே கீறாங்க. ஃபோர்மேன் போல்ட்ட ஒடச்சிட்டு மெக்கானிக் கடைல நிக்கறான்னு சொல்ல மாட்டானா? அதான் ஒட்டிட்டேன். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு சந்தனம் வைக்கறப்ப பசையும் புதுசா வச்சிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடக்கிக்கொண்டேன்.

புதைந்த போல்ட்டை வெல்டு வைத்து எடுக்க முடியாது. அதன் நடுவில் டிரில் போட்டு, அந்த ஓட்டையில் ஈசி அவுட்டு என்ற கூம்பு மாதிரியான எஃகுத் துண்டைச் செருகி, இடது பக்கம் திருப்ப வேண்டும். கூம்பு கடித்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டை வெளியே இழுத்து வரும். அது உள்ளே உடைந்தால் கதை முடிந்தது, அதை எந்த டிரில்லும் துளைக்காது. அக்கா பொறுமையாக டிரில் போட்டார். ஈசி அவுட்டைச் செருகினார். "வா... போ... வா..." என்று அரை மணி நேரம் போயிற்று. நாங்கள் இருவரும் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டிருந்தோம். தெருமுனையில் ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி.

'டிக்.'

சின்னச் சத்தம்தான். அக்காவின் கையில் பாதி ஈசி அவுட்டு இருந்தது. மீதி உள்ளே. அவர் நிமிர்ந்து, வாயைத் திறந்து, என்னவோ சொல்ல வந்தார்.

அதற்குள் மாமனார் கையைத் தூக்கிவிட்டார். மறைத்தால் அக்காவின் பிட்டு உடையும் என்று வரும் வழியில் நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"சொல்லிடறேம்மா. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. அக்கா குடங்களைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கிரீஸ் டப்பாவில் உட்கார்ந்தார்.

"இவரப் பத்திதான்," என்று மாமனார் மோவாயால் என்னைக் காட்டினார். "பொண்ணு இவரதான் கட்டிக்குவேன்னு நின்னப்ப, இவரு வேல செய்யற யார்டு வாசல்ல மூணு நாளு போய் நின்னேன். டீக்கடைல, செக்யூரிட்டிகிட்ட, எல்லாம் விசாரிச்சேன். தங்கமான பையன்னாங்க. ஒரே பொண்ணும்மா. அனுப்ப மனசு வரல. இன்னா சொல்லி நிறுத்தறதுன்னு தெரியல. வூட்டுக்கு வந்து, பையன் குடிகாரன், மத்தியானமே நாத்தமடிக்கறான்னு சொல்லிட்டேன்."

"எத்தினி தபா?" என்று அக்கா பழக்கதோஷத்தில் கேட்டார்.

"நாலஞ்சு தபா. பொண்ணு நம்பல. பொண்டாட்டி நம்பிட்டா. இன்னிக்கு வரிக்கும் நம்பிகினு கீறா."

எனக்கு மூக்கு இழுக்கும் சத்தம் காதில் கேட்டது. இரண்டு தடவை. தூசு இல்லை, சாம்பல் இல்லை. ஒன்றரை வருடமாக அந்த அம்மாள் வாசற்படியில் என்னை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதற்கு ஆவி பிடிக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டுக் கோபமில்லை, ஒரு வருடம் கல்யாணம் தள்ளிப்போனதும், என் மனைவி தனியாக அந்த வீட்டில் சண்டை போட்டதும் எல்லாம் சேர்ந்து வந்த கோபம். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. மாமனார் தலையைக் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிதா நைனா?" என்றார் அக்கா.

"முடிஞ்சிதும்மா. இனிமே ஒண்ணியும் இல்ல."

"அப்ப எய்ந்திரு."

எழுந்தார். அக்கா கிரீஸ் டப்பாவிலிருந்து எழுந்து வந்து அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் அவரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"என் கை. ஈசி அவுட்டு. ஒரே தபா. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், பாதி மனசு கொடத்துக்குப் பூட்ச்சு. கொஞ்சம் ஜாஸ்தி திருப்பிட்டேன்."

மாமனாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது குரல் ஏறிவிட்டது. "அப்ப நான் சொன்னது?"

"அது வேற போல்ட்டு."

"அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா? இன்னாம்மா இது, பேஜாரு பண்ணிட்ட!"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ கையத் தூக்கிட்ட. சொல்லிகினு கீற மன்சன நடுவுல நிறுத்தக் கூடாது நைனா. அப்பால எப்பவும் சொல்ல மாட்டான்." அக்கா வாசலில் இருந்த காலிக் குடங்களைப் பார்த்தார். "என் வூட்டுக்காரு ஒரு நாளு சொல்ல வந்தாரு. அந்த போல்ட்டு இருக்குதேன்னு ஆரம்பிச்சாரு. லாரி வந்துடுச்சு. இருய்யா வந்துடறேன்னு கொடத்த எடுத்துகினு பூட்டேன். திரும்பி வந்து கேட்டா, ஒண்ணுமில்ல, தானா ஒடஞ்சிதுன்னாரு."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உள்ளே மாட்டிய எஃகுத் துண்டை உளியால் தட்டித் தட்டி நொறுக்கி, ஊசியால் பொறுக்கி எடுக்க மதியம் வரை ஆயிற்று. போல்ட்டும் கடைசியில் வந்தது. அதற்குள் நானும் மாமனாரும் ஆளுக்கு இரண்டு குடமாக நடந்து, அடுத்த தெரு அடிபம்பில் எட்டுக் குடமும் நிரப்பி வைத்தோம். அக்கா எங்கள் போல்ட் இரண்டையும் கம்பியில் கோத்தார். பக்கத்திலேயே உடைந்த பாதி ஈசி அவுட்டையும் கட்டினார். "இது மாமனாரு, இது மருமவன், இது நானு," என்றார்.

வண்டியைக் கிளப்பினேன். சத்தமே இல்லை. மாமனார் ஏறப் போனவர் நின்றார்.

"ஏம்மா, அந்த இன்னொரு விசயம்... இங்கதான் சொல்லிட்டேனே?"

"வூட்டுல ஒடச்சத இங்க சொன்னா எப்டி நைனா கயலும்?" என்று கேட்டுவிட்டு, அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேறு வேலைக்குத் திரும்பினார்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கொட்டகையை எடுத்துவிட்டார்கள். அக்கா மணலி பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. போவதென்றால் ஒரு போல்ட்டை உடைத்திருக்க வேண்டும், நான் ஸ்பேனரைத் தொடுவதையே விட்டுவிட்டேன். சும்மா போய் நின்றால் நம்ப மாட்டார்.

அன்றைக்கு வழியெல்லாம் மாமனார் பின்னால் உட்கார்ந்து எதுவும் பேசவில்லை. தெருமுனை வந்ததும் என் தோளில் கை வைத்தார். "மெதுவா போ மாப்ளே," என்றார். ஒன்றரை வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நான் ஏற்கெனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். கிட்டே வந்து மூக்கை இழுத்தார். ஒன்று. இரண்டு. நான் அசையாமல் நின்று கொடுத்துவிட்டு, திரும்பி மாமனாரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். வராந்தாவில் கிடந்த நாற்காலியை நடுவே இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா, ஏன் இங்க வந்து குந்திகினு?" என்றார் மாமியார்.

"என் கை," என்றார் மாமனார்.

"கைக்கு இன்னா? அடி கிடி பட்டுதா?"

அவர் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நான் நடுவில் பேசவில்லை.